ஐந்தடியும் ஒரு சாணும்

எய்யா,

அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அப்பாவின் வலது முழங்கால் மட்டும், குற்றாலத்தில் சாரல் விழப்போவதை ஒரு நாள் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லிவிடுகிறது. இதையெல்லாம் போனிலேயே பேசிவிட்டோம். இந்தக் கடிதம் அதற்காக இல்லை. வருகிற திங்கட்கிழமை காலையில் நம் ஆலயத்துச் சபை ஐயர் வந்து ஜெபித்ததும், ஆற்றங்கரை மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்ட ஆரம்பிப்பதாக இருக்கிறது. அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்தாக வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தப் பெரிய வெள்ளத்தில் நம் மனையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று நீ என்னைக் கேட்டாய். ஒன்றரை அடி என்று சொன்னேன். அது சரியில்லை. அசந்து மறந்து சொன்னதும் இல்லை, தெரிந்தே சொன்னது. இதைப் போனில் சொல்ல நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் நீ சந்தோஷமாக ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாய், எனக்கு வாய் மூடிவிட்டது. எழுதினால் நீ இடையில் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்கே இன்னும் தெளிவாகவில்லை. எழுதிக்கொண்டு போனால் தெளியுமோ என்று பார்க்கிறேன். தெளியாவிட்டாலும் இதை நாளைக்குக் கூரியரில் போட்டுவிடுவேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், என் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்கியது. போன கிறிஸ்துமஸுக்கு நீ, மருமகள், பேத்தி மூன்று பேரும் வந்திருந்தீர்கள். ஆராதனை முடிந்து வந்து இட்லிக்கும் கோழிக்குழம்புக்கும் உட்கார்ந்திருந்தபோது நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, நாங்க இங்கனயே திரும்பி வந்துரலாம்னு பாக்கோம்" என்றாய். வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள் என்றாய், பிள்ளை ஆற்றைப் பார்த்து வளரட்டும் என்றாய், என் அம்மா வீட்டுப் பங்காக எனக்கு வந்த மனை சீவலப்பேரி ரோட்டில் வாழையும் பம்பு அறையுமாகச் சும்மாதானே கிடக்கிறது என்றாய். அப்பா ஒன்றுமே நடக்காதவர் போல இன்னொரு துண்டு கோழியை எடுத்து வைத்துக்கொண்டார். அதை அவர் தொடவே இல்லை என்று தட்டைக் கழுவும்போதுதான் பார்த்தேன். நீ பெங்களூருக்குப் போய்ப் பதினோரு வருஷம். பதினோரு வருஷமும் காலை ஜெபத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கேட்டு வந்த ஒன்று சட்டென்று இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மனுஷி என்ன செய்வாள்? நான் எழுந்து போய் இன்னும் நாலு இட்லி எடுத்து வந்து வைத்தேன்.

அப்புறம் வரைபடம் வந்தது. நாலு பெரிய தாள். சாப்பாட்டு மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் உப்பு ஜாடி, ஊறுகாய் ஜாடி, வேதாகமம், அப்பாவின் கண்ணாடிக்கூடு என்று பாரம் வைத்து, ஸ்கேலோடு உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷைத் தமிழ் வேதாகமத்தையும் இங்கிலீஷ் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டது உனக்குத் தெரியும். வரைபடத்தையும் அப்படித்தான் படித்தேன். இரட்டைக் கோடு என்றால் சுவர், கால் வட்டம் என்றால் கதவு திறக்கிற பக்கம், மெல்லிய ஒற்றைக் கோடு என்றால் கண்ணாடி. ஆற்றுப் பக்கம் முழுக்க மெல்லிய ஒற்றைக் கோடுதான் இருந்தது. ஹாலும் சமையல்கட்டும் ஒரே அறை. அலமாரி எல்லாம் சுவருக்குள் ஒளிந்திருக்கும். சாமான் அறை என்று ஒன்று கிடையாது. சுவரில் பூச்சு வேலை எப்போது என்று உன் ஆர்க்கிடெக்ட் பிள்ளையிடம் வீடியோவில் கேட்டேன். "இதுதான் ஆன்ட்டி ஃபினிஷ், இப்படியே விட்டுருவோம்" என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். அப்பா பக்கத்திலிருந்து, "நம்ம தெருவுல பணம் பத்தாம நின்னுபோன வீடெல்லாம் இப்பிடித்தாம்மா இருக்கு" என்றார். நல்லவேளை, அவளுக்கு நம் பேச்சு சரியாகப் புரியவில்லை.

நாங்களும் உங்களோடு அங்கே இருக்கப்போவதால், அந்தப் பிள்ளைதான் எங்களையும் ஒரு பட்டியல் எழுதச் சொன்னாள். எது இல்லாமல் உங்களால் இருக்க முடியாதோ அதை மட்டும், ஆளுக்குப் பத்து. அப்பா ஒரு தாளில் 'ஈசிசேர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் மூன்று நாள் எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. உனக்குத் தெரியும், எதையும் எழுதி வைப்பது எனக்குப் பழக்கம். சிலிண்டர் மாட்டிய தேதி, மழை பெய்த நாள், உனக்குக் காய்ச்சல் வந்த நேரம், அது இறங்கிய நேரம். வீட்டில் யாருக்காவது ஏதாவது சந்தேகம் என்றால் 'அம்மா நோட்டைப் பாரு' என்பதுதான் முடிவு. அப்பா சொல்லும் எதையும் பாதியாக்கி எடுத்துக்கொள்வதும், நான் சொல்லும் எதையும் அப்படியே எடுத்துக்கொள்வதும் நம் வீட்டு வழக்கம். அந்த இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து பத்துக்கு வர முயன்றேன். அசன விருந்துக்கு ஆலயத்தில் கேட்டு வாங்கிப் போகிற பெரிய அண்டாவை அடித்தேன், திரும்ப எழுதினேன். ஒவ்வொரு புது வருஷ ஆராதனையிலும் கொடுத்த வாக்குத்தத்த வசன அட்டைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேனே, அவற்றை அடித்தேன். ஆலயத்துச் சுவர் வெறும் வெள்ளைதானே, அங்கே ஜெபம் ஏறாமலா இருக்கிறது என்று தோன்றியது. உடனே, அப்படியானால் இத்தனை வருஷம் எதற்கு ஆணி அடித்தேன் என்றும் தோன்றியது. திரும்ப எழுதினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: உன் வீடு எனக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பாதிதான் உண்மை. வெள்ளம் வடிந்த பிறகு சீவலப்பேரிப் பக்கம் எங்கள் மாதர் சங்கத்திலிருந்து பாயும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரோட்டின் இரண்டு பக்கமும் வீட்டுச் சாமானெல்லாம் வெயிலில் கிடந்தது. மெத்தை, பீரோவின் இழுப்பறை, பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாண ஆல்பம். ஒரு பெண் ஆல்பத்தின் ஒட்டிப்போன பக்கங்களைப் பைய பையப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிக்கப் பிரிக்க முகங்கள் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போயின. வீட்டுக்கு வந்து நம் பரணை அண்ணாந்து பார்த்தேன். இவ்வளவையும் எதற்கு வைத்திருக்கிறேன்? அதனால் உன் வரைபடத்தில் அந்த வெறும் ஹாலைப் பார்த்தபோது எனக்குள் ஒருத்தி, ஆமாம், இப்படி இருந்தால் என்ன என்றாள். இன்னொருத்தி, பேத்தி வந்து 'ஆச்சி, அது எங்கே' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இருக்காதே என்றாள். இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் சொல்வது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நிவாரணத்துக்குப் போன அன்றைக்குத்தான், திரும்பும் வழியில் நம் மனைக்கும் போய்ப் பார்த்தோம், அப்பாவும் நானும். வாழையெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. பம்பு அறை மட்டும் நின்றது. அதன் சுவரில் நாலு பக்கமும் சுற்றி, ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி செம்மண் கோடு. அதற்குக் கீழே சேறு, மேலே பழைய வெள்ளை. என் பையில் தையல் டேப் இருந்தது. ஒரு முனையை அப்பா தரையில் மிதித்துக்கொண்டார், நான் மேலே பிடித்தேன். டேப் ஐந்தடியில் முடிந்துவிட்டது, கோடு அதற்கும் மேலே இருந்தது. கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் ஏறி நின்று மிச்சத்தைக் கையால் அளந்தேன். ஒரு சாண். என் கைச்சாண் எட்டு அங்குலம், அதையும் முன்பே அளந்து வைத்திருக்கிறேன். வாளியிலிருந்து இறங்கி நின்றால் கோடு என் தலைக்கு மேலே போனது. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: 'மனை, பம்பு அறை, தண்ணீர் நின்றது ஐந்தடி, ஒரு சாண்.' இன்றைக்கும் அந்த வரி அங்கேயே இருக்கிறது. அதை நான் திருத்தவில்லை. நோட்டில் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை, வாயில் வந்துவிட்டது.

நீ பொங்கல் கழித்துப் போன் பண்ணினாய். வெள்ளத்தைப் பற்றி மூன்று பேரிடம் விசாரித்தாயாம், மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்களாம், அப்பா ஆளுயரம் என்கிறார், அப்பா கதை உனக்குத் தெரியாதா, நீ நோட்டைப் பார்த்துச் சொல் என்றாய். கூடவே ஒன்று சொன்னாய். "ரொம்ப வந்திருக்குன்னா வேண்டாம்மா, நாங்க இங்கயே ஒரு ஃபிளாட் பாத்துக்கிடுதோம்." நோட்டு என் மடியில் விரிந்துதான் இருந்தது. விரல் அந்த வரியில்தான் இருந்தது. "ஒன்றரை அடி" என்றேன். நீ சிரித்தாய். அப்போ தரையை ரெண்டரை அடி தூக்கிவிட்டால் போதும், ஒரு அடி உபரி என்றாய். அன்றைக்கு முழுக்க எனக்கு யாரோ ஒருவர் கடையில் மீதிச் சில்லறை கூடுதலாகக் கொடுத்துவிட்டு, நான் சொல்லாமல் வந்துவிட்டது மாதிரி இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உனக்கு ஒன்பது வயது முடிந்த அன்று நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சமையல்கட்டு வாசல் நிலையில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் உன் உயரத்தைக் குறிப்பேன். அந்த வருஷம் உன் பெரியப்பா மகன் உன்னைவிட வளர்ந்துவிட்டான் என்று காலுறைக்குள் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு வந்து நின்றாய். நான் கோடு போட்ட பிறகுதான் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அரை அங்குலம். உன்னை எல்லாருக்கும் முன்னால் காலுறையைக் கழற்றவைத்து, கோட்டைக் கத்தியால் சுரண்டி, அரை அங்குலம் கீழே புதுக்கோடு போட்டேன். பெரியப்பா வீட்டார் கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. "பிறந்தநாளும் அதுவுமா, விடேன்ளா" என்று அப்பா என்னைச் சடைத்துக்கொண்டார். அளவு என்றால் அளவுதான் என்றேன். அந்தச் சுரண்டிய தடம் இன்னும் நிலையில் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் சமைக்கப் போகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் அரை அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு நானே நாலடிக்கு மேல் விட்டுக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எதற்கு உனக்கு அந்த அரை அங்குலம் வேண்டியிருந்தது என்று கேட்டிருக்கலாம். இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. தப்பான அளவு சொல்கிறவர்களுக்கு எதுவோ வேண்டியிருக்கிறது.

நீ மனையைப் பார்க்கச் சித்திரையில் வருவதாகச் சொன்னதும் இன்னொன்று செய்தேன். பம்பு அறைக்கு வெள்ளை அடிக்க ஏற்பாடு பண்ணினேன். "பம்பு ரூமுக்கு வெள்ளையா? அங்கன என்ன கல்யாணமா நடக்கப்போவுது?" என்று அப்பா கேட்டார். பிள்ளை வருகிற இடம், அசிங்கமாக இருக்கிறது என்றேன். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன் என்று இப்போது எழுதினால் நீ நம்புவாயா? நானே முழுக்க நம்பவில்லை. நீ வந்து அந்த வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு ஆற்றைப் படம் எடுத்தாய். சுண்ணாம்பு உன் சட்டையில் ஒட்டியது. நான் முந்தானையால் தட்டிவிட்டேன்.

போன சனிக்கிழமை கொத்தனார் மனையில் வீட்டை அடையாளம் போட வந்தார். சீவலப்பேரிக்காரர், நம் ஆலயத்துச் சுற்றுச்சுவர் கட்டியவர். உன் வரைபடத்தைப் பார்த்துக் கயிறு கட்டி, தரையில் சுண்ணாம்புப் பொடியால் அறை அறையாகக் கோடு போட்டார். தாளில் இரண்டு வாரம் பார்த்து எனக்குப் பிடிபடாத வீடு ஒரு மணி நேரத்தில் கண் முன்னால் கிடந்தது. ஹாலுக்கு நடுவில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வெளியே நின்ற என்னைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்றார். நான் நிஜமாகவே கழற்றினேன். சமையல்கட்டில் நின்று பார்த்தேன். அடுப்பு இருக்கும் இடத்திலிருந்து திரும்பினால் ஆறு. இத்தனை வருஷம் சுவரைப் பார்த்தே சமைத்தவள் நான். உன்னையும் அந்த ஆர்க்கிடெக்ட் பிள்ளையையும் மனதுக்குள் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் கொத்தனார் தரைமட்டத்தைக் குறிக்க ஆரம்பித்தார். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள் தெரியுமா, ஒரு முனை இங்கே, ஒரு முனை அங்கே, இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைப் பம்பு அறைச் சுவரில் வைத்து, இரண்டரை அடியில் பென்சிலால் ஒரு கோடு கீறி, "இதுதான் யக்கா உங்க வீட்டுத் தரை" என்றார். கீறிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆற்றைப் பார்த்தார். "யக்கா, இங்கன தண்ணி ஒன்றரை அடிதான் நின்னுச்சுன்னு தம்பி சொல்லுதாவ. எங்க ஊர்ல அதுக்கு மேலே கெடந்துச்சே" என்றார். இங்கே கரை கொஞ்சம் மேடு என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் நம்பாமல் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு நான் உன் மகளின் அறையில் போய் நின்றேன். அது பம்பு அறையை ஒட்டினாற்போல வருகிறது. அந்தப் பென்சில் கோடு அவள் அறையின் தரை. பையிலிருந்து டேப்பை எடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்று அவளை நம் சமையல்கட்டு நிலையில் நிறுத்தி அளந்தேன் அல்லவா, மூன்றடி ஒரு அங்குலம். பென்சில் கோட்டிலிருந்து மேலே மூன்றடி ஒரு அங்குலம் பிடித்தேன். அவள் உச்சந்தலை அந்த இடத்தில் வரும். வெள்ளைக்கு அடியில் இருக்கும் கோடு அதற்கு ஒரு அங்குலம் மேலே. நான் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன், கழித்தலில் தப்பு இருக்குமோ என்று. ஐந்தடி எட்டு அங்குலத்தில் இரண்டரை அடி போனால் மூன்றடி இரண்டு. தப்பு இல்லை. அவள் இதற்குள் ஒரு அங்குலம் வளர்ந்திருப்பாள் என்று ஒரு நினைப்பு ஓடியது பார், அதற்குத்தான் எனக்கு என்மேலேயே பயம் வந்தது. பிள்ளை வளர்வதைக் கொண்டு என் பொய்யைச் சரிக்கட்டப் பார்க்கிறேன். அப்பா நாற்காலியில் இருந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றைக்கு, நான் சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் மனைக்குப் போய் வருகிறேன் என்றதும் அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டார். முழங்கால் வலிக்கு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. தேங்காய் நாரும் ஒரு வாளியும் கொண்டுபோனோம். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், நான் சுவரை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். இரண்டு பூச்சு வெள்ளை, சுலபத்தில் போகவில்லை. முதலில் மஞ்சளாகத் தெரிந்தது, அப்புறம் செம்மண். இரண்டு முழ நீளத்துக்குக் கோடு வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். டேப்பைக் காலில் மிதிச்சுக்கிட்டு நின்னவன் நான்தானே என்றார். பிறகு ஏன் நான் ஒன்றரை அடி என்று சொன்னபோது பேசாமல் இருந்தீர்கள் என்றேன்.

"நான் ஆளுயரம்னு சொன்னேன், அவன் நம்பல. ரெண்டாந்தரம் அழுத்திச் சொல்லியிருக்கணும், சொல்லல" என்றார். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அவன் வரணும்லா" என்றார்.

முப்பத்தெட்டு வருஷமாக அவர் ஒரு பக்கம் கூட்டிச் சொல்வார், நான் ஒரு பக்கம் இழுத்துச் சரிசெய்வேன். இந்த ஒரு தடவை அவர் சரியாகச் சொன்னார், நான் குறைத்துச் சொன்னேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து உன்னை ஏமாற்றியிருக்கிறோம். அவர்மேல் கோபப்பட வேண்டுமா, அவரைக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் நாரைப் பிழிந்துகொண்டு நின்றேன். திரும்பும்போது பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். தோள் என்மேல் சாய்ந்திருந்தது.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். தெளிந்ததா என்று கேட்டால் இல்லை. பதினோரு வருஷம் கேட்ட ஜெபத்துக்குப் பதிலாகத்தான் நீ வருகிறாயா, அல்லது நான் சொன்ன ஒன்றரை அடிக்குப் பதிலாக வருகிறாயா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. காலையில் முழங்கால் போட்டால் கர்த்தரிடம் நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தடுமாறுகிறது. சில நாள் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். வீட்டை ஆறடிக்குத் தூண் மேல் தூக்கிக் கட்டலாமோ என்று ஒரு யோசனை. அப்படித் தூக்கினால் நீ ஆசைப்பட்ட மாதிரி, கதவைத் திறந்தால் கால் புல்லில் படும் வீடாக அது இருக்காது. அப்பாவின் முழங்கால் அத்தனை படி ஏறாது. மனையை வாழைக்கே விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் நாங்கள் இப்போது இருக்கும் பழைய வீட்டையே உன் வரைபடம் மாதிரி காலி பண்ணி வெறும் வீடாக ஆக்கலாமோ என்று இன்னொரு யோசனை. அதற்கென்றால் இருநூற்றுப் பன்னிரண்டைப் பத்தாக்க நான் தயார், அண்டா உள்பட. அல்லது நீங்கள் பெங்களூரில் ஃபிளாட்டே பார்த்துக்கொள்ள நேரலாம். அந்த வரியை எழுதும்போது பேனா நின்றது. ஆனாலும் எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் இப்போது நான் இல்லை. இருந்தாலும் பெற்றவள், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவர் சொல் மட்டுமே அளவாக இருக்க விடாதே. எல்லோரும் ஒருத்தியை நம்பினால் அவளைச் சரிபார்க்க ஆள் இல்லாமல் போகிறது. அது அவளுக்கும் நல்லதில்லை. உன் மகளை நிலையில் நிறுத்தி அளக்கும்போது அவளையும் உன்னை அளக்கச் சொல். நுனிக்காலில் நின்றாள் என்றால் அந்தக் கோட்டைச் சுரண்டாதே. பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கு என்று கேள்.

வரைபடத்தின் கடைசித் தாளில் நிலத்துக்காரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய நாலு இடத்தில் நீ பென்சிலால் சுழித்து அனுப்பியிருந்தாய். நாலும் காலியாகத்தான் இருக்கிறது. சபை ஐயரிடம், திங்கட்கிழமை வாருங்கள், ஜெபியுங்கள், ஆனால் தோண்டுவது உறுதியில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். மகன் வந்ததும் சொல்கிறேன் என்றேன். கொத்தனாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. சரி யக்கா, ஆளுகளை ரெண்டு நாள் வேற வேலைக்கு விடுதேன் என்றார்.

நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கு. கோபமாக இருந்தாலும் இறங்கு. இட்லி சாப்பிடு. ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் மனைக்குப் போவோம். கோடு சுவரில் இருக்கிறது, மழை பெய்தாலும் இனி போகாது. நான் சொன்னதை வைத்து எதையும் எழுதிக்கொள்ளாதே, நீயே அளந்து பார். என் தையல் டேப் அதற்கு எட்டாது. நீளமானதாக ஒன்று கொண்டுவா.

அம்மா